தினம் மூன்று மணி நேரம்

கணக்கு வாத்தியார்களில் இரண்டு வகை உண்டு. விடை சரியாக வந்தால் போதும் என்று மார்க்கை அள்ளிப் போடுகிறவர்கள் ஒரு வகை. விடைக்குப் பக்கத்தில் லிட்டரா கிலோவா என்று எழுதாவிட்டால் பாதி மார்க்கைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. இருபத்தேழு வருஷமாக ஒரே பள்ளிக்கூடம். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'யூனிட் தேவஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தின் அழகு உங்களுக்குப் புரியாது.

என் மனைவி ரோஸிலி சாலக்குடி பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து பஸ்களைக் கூப்பிடுகிறவள். முகம் தெரியாதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். சந்தையில் அயிலை மீன் என்ன விலை என்று அவள் கேட்டால், நாலு பேர் திரும்பி, "ஸ்டாண்டு சேச்சியா?" என்பார்கள். வீட்டிலும் அதே தொழில்தான். நான் குளிக்கப் போய் நேரமாகிவிட்டால் கதவுக்கு வெளியே நின்று, "குளியலறை வழி பள்ளிக்கூடம் செல்லும் தேவஸ்ஸி மாஷ் இன்னும் ரெண்டு நிமிஷத்துல புறப்படும்" என்று அறிவிப்பாள். எங்கள் ஊரில் வாத்தியார் என்றால் மாஷ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் அவள்தான்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் மாறின. என் நண்பன் கமறுத்தீன் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன். பிறவியிலேயே அவனுக்கும் பார்வை இல்லை. ஜூன் மாதம் போன் செய்து புலம்பினான்.

"மாஷே, புதுப் புத்தகம் பிரெயில்ல வர்றதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும். அதுவரைக்கும் எங்க பிள்ளைங்க என்னத்தைப் படிக்கும்? யாராவது வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் குடுத்தா தேவலை."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ரோஸிலி போனைப் பிடுங்கினாள். "பஸ்ஸுக்குக் கத்துற தொண்டை பாடத்துக்குக் கத்தாதா? நான் வாசிக்கிறேன் மாஷே. முழுப் புத்தகமும். எல்லாப் புத்தகமும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அலமாரிக் கதவுகளைத் திறந்து அதில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதன் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மின்விசிறியை நிறுத்துவது என் வேலை. சேவல் கூவினால் நிறுத்துவாள். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நிறுத்துவாள். ஸ்டாண்டில் மத்தியானம் வரை கத்திவிட்டு வந்து, கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு, தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாசிப்பாள். வெட்டியது போகப் பாதிதான் தேறும்.

பதிவுகளை எப்படி அனுப்புவது என்பதில் நான் மூக்கை நுழைத்தேன். ஒரே இடத்தில் வைத்து எல்லாரையும் அங்கே வரச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஒருவரிடமிருந்து ஒருவர் துண்டு துண்டாக வாங்கி, வாங்கியதை அடுத்தவருக்கும் கொடுக்கும் கோப்புப் பகிர்வுதான் நியாயமான வழி என்பது என் கட்சி. பதினொரு பள்ளிக்கூடங்களுக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரை இரவு பகல் அணைக்காமல் ஓட விட்டேன்.

அதற்கு ஆயத்தமான மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. நிறுவினால் எத்தனை பேர் வாங்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று அதுவே பளிச்சென்று காட்டும். ஆனால் கடையில் வாங்கிய மாவில் அப்பம் சுடுகிற ஆள் இல்லை நான். பைத்தானில் கோப்புப் பகிர்வுக்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த லைப்ரரி ஒன்று இருக்கிறது. அதை வைத்து நானே ஐம்பது வரியில் நிரல் எழுதினேன். அந்த லைப்ரரியிடம் புள்ளிவிவரம் கேட்டால் உடனே தராது. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் கழித்து ஒரு பட்டியலைப் போடும். இருநூறுக்கு மேல் வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஓட ஆரம்பித்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள் அவை. இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால்தான் இன்று என்ன நடந்தது என்று தெரியும். பாதிப் பேர் இந்தக் கழித்தலை மறந்துவிட்டு, போன மாதம் போனதையும் இன்று போனதாக நினைத்துக் குதிப்பார்கள். நான் மறக்கவில்லை. கரண்டு போய்க் கம்ப்யூட்டர் நின்றால் எண்கள் சுழியிலிருந்து தொடங்கும் என்பதைக்கூட யோசித்து எழுதியிருந்தேன். பட்டியல் முழுவதையும் தினமும் சேமித்தும் வைத்தேன்.

பார்த்தது மட்டும் ஒரே ஒரு வரி. வெளியே போன மொத்த பைட்டுகள்.

முதல் வாரத்திலிருந்தே அந்த வரி நகர்ந்தது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு எம்பி, சில நாள் அதற்குக் கொஞ்சம் மேலே. ரோஸிலியின் குரல் ஒரு மணி நேரத்துக்கு முப்பது எம்பி. வகுத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அவளிடம் சொன்னேன்.

"எடீ, இன்னிக்கு உன் குரல் மூணு மணி நேரம் போயிருக்கு."

"எங்க போயிருக்கு?"

"அது தெரியாது. யாரோ பிள்ளைங்க எங்கேயோ உக்காந்து கேக்குது."

அவள் கையிலிருந்த ஜெபமாலையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். "ஸ்டாண்டுல இருபது வருஷமாக் கத்தறேன். ஒருத்தன் உக்காந்து கேட்டதில்ல. காதுல விழுந்ததும் எந்திரிச்சு ஓடறவங்கதான் எல்லாரும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் ஜெபமாலை முடிந்ததும் மோவாயைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். நான் எண்ணைச் சொல்வேன். இரண்டே முக்கால், மூன்று, மூன்றே கால். அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு.

ஓணத்தன்றும் மூன்று மணி நேரம். "பார்த்தியா, சத்யை விருந்து தின்னுட்டு வந்து படிக்குதுங்க" என்றேன். ஹர்த்தாலன்று தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை. மூன்று மணி நேரம். "பஸ் இல்லன்னா வீட்ல உக்காந்து படிக்க வேண்டியதுதானே" என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பரீட்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு வருகிற விடையைப் பையன் எவனாவது எழுதியிருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பேன்.

அக்டோபரில் அவள் குரல் கம்மியது. ஸ்டாண்டுத் தூசி என்றாள். மிளகுக் கஷாயம் குடித்தாள். நவம்பர் முதல் வாரம் திருச்சூரில் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"குரல் நாண்ல சின்னதா ஒரு கட்டி இருக்கு. ஆரம்பம்தான். இப்ப வந்தா கரண்டு வச்சே சரியாக்கிடலாம், குரலும் தங்கும். ரெண்டு வாரத்துக்குள்ள வாங்க. ஆனா இன்னிலேர்ந்து சத்தமாப் பேசக்கூடாது."

ரோஸிலி கேட்டாள்: "மார்ச்சுக்கு அப்புறம் வந்தா?"

"மார்ச்சுல என்ன?"

"பத்தாம் கிளாஸ் பரீட்சை."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரோஸிலியைப் பார்த்தேன். இன்னும் ஒன்றரைப் புத்தகம் பாக்கி இருந்தது.

நாங்கள் போனது பிப்ரவரி நடுவில். ரெண்டு வாரம் என்றது பதின்மூன்று வாரமாகிவிட்டது. கரண்டு வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று குரல்வளையையே எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. பக்கத்தில் நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்தது. எல்லாரும் என்னைக் கேட்டார்கள், ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க என்று. டாக்டர் கேட்டார், அவள் அக்கா திரேஸ்யா கேட்டாள், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். நான் எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன்.

"நான் எவ்வளவோ சொன்னேன். அவதான் கேக்கல."

அது பொய் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கினேன், எழுந்தேன், சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் எழுதிக் காட்டினாள். ஸ்டாண்டில் கிழித்துப் போட்ட பழைய பஸ் நேரத் தாள்களைத் திரேஸ்யா கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதன் பின்பக்கம்தான் எங்கள் பேச்சு. சாயங்கால வழக்கம் மட்டும் எழுதாமலே நடந்தது. நானும் திரேஸ்யாவும் ஜெபமாலை சொல்லி முடித்ததும் அவள் மோவாயைத் தூக்குவாள். நான் விரல் மூன்றைக் காட்டுவேன். அவள் கண்ணை மூடித் திறப்பாள்.

ஏப்ரலில், விஷு கழிந்து கமறுத்தீன் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே முகம் தொங்கிவிட்டது. "ஸ்டாண்டுல வேற யாரோ கூப்பிடறாங்க மாஷே" என்றான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவள் எழுதுவதை அவனால் பார்க்க முடியாது. அவனுக்குக் கேட்கிற மாதிரி அவளால் பேச முடியாது. நடுவில் நான் உட்கார்ந்து அவள் எழுத எழுத வாசித்தேன். முதலில் எழுதினாள்: 'என் குரல் எப்படி இருக்கு மாஷே, ஆம்பளைக் குரலாயிடுச்சு இல்ல?' நான் வாசித்ததும் கமறுத்தீன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுத்து எழுதினாள்: 'பிள்ளைங்களுக்கு எந்தப் பாடம் ரொம்பப் புடிச்சுது?'

நான் வாசித்தேன். கமறுத்தீன் கைத்தடியின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"எல்லாமேதான் சேச்சி" என்றான்.

அவளுக்கு அது போதவில்லை. திரும்பவும் தாளில், 'ஒண்ணைச் சொல்லுங்க' என்று எழுதினாள்.

"சுதந்திரப் போராட்டம்" என்றான். சரித்திர வாத்தியார் வேறென்ன சொல்வான்.

வெளியே வந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தான்.

"மாஷே, ஒண்ணு சொல்றேன், கோவப்படக்கூடாது. எங்க ஹாஸ்டல்ல அந்தப் பகிர்வு திறக்கவே இல்ல. நெட்டுல எங்கேயோ அடைச்சு வச்சிருக்காங்க. ரிட்டயரான டீச்சர் ஒருத்தங்க தினம் வந்து பிள்ளைங்களுக்கு நேர்லயே வாசிச்சாங்க. அதுல பரீட்சை எழுதிட்டாங்க."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்கதான் தினம் மூணு மணி நேரம் போகுதுன்னு சொன்னீங்களே. சரி, எங்க பிள்ளைங்கதான் கேக்கல, மத்த பத்து ஸ்கூல்ல கேக்கறாங்க போலன்னு இருந்துட்டேன். சேச்சி மனசை ஏன் நோகடிக்கணும்னு."

"எங்க ஸ்கூல்லயும் யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு நான் நிறுத்தினேன். எங்கள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளை கிடையாது. மற்ற பள்ளிகளிலிருந்து ஒரு பதில் கடிதம்கூட வரவில்லை என்பது அப்போதுதான், பத்து மாதம் கழித்து, எனக்கு ஒரு விஷயமாகவே பட்டது.

"அந்தப் பட்டியலை நான் ஒருவாட்டி கேக்கலாமா?" என்றான்.

அவன் வந்தால் பயன்படுத்தட்டும் என்று திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை எப்போதோ போட்டு வைத்திருந்தேன். ஓட விட்டேன். அந்த இயந்திரக் குரல் முதல் வரியிலிருந்து தொடங்கியது. கண் இருக்கிறவன் தனக்கு வேண்டிய வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். கமறுத்தீனுக்கு அந்த வசதி கிடையாது. இருநூறு வரியையும் அவன் வரிசையாகக் கேட்டாக வேண்டும். கேட்டான். நான் எழுந்து கட்டன் சாயா போடப் போனேன். டம்ளரோடு திரும்பி வந்தபோது நிறுத்தியிருந்தான்.

"மாஷே, நீங்க சொல்ற எண்ணு மொத்தமா வெளிய போனது. அதுக்குக் கொஞ்சம் கீழ இன்னொரு வரி படிச்சுது. சரக்கு மட்டும், அதாவது சேச்சி குரல் மட்டும் எவ்வளவு போச்சுன்னு. கேட்டீங்களா?"

"அது என்ன காட்டுது?"

"சுழி."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மேஜையில் சாயாவைச் சிந்தினேன். அவனைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். சேமித்து வைத்திருந்த பத்து மாதப் பட்டியல்களையும் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கிக் கூட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று.

இந்தக் கோப்புப் பகிர்வில் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். இருக்கிறாயா, இன்னது யாரிடம் இருக்கிறது தெரியுமா என்று. இதுவும் பதில் சொல்லும். நம் ஊரில் வேலிக்கு வெளியே நின்று, "ஊணு முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவதில்லையா, அப்படி. கேட்கிறவன் யாரும் உள்ளே வந்து இலை போட்டு உட்காருவதில்லை. அந்தக் குசல விசாரிப்புதான் ஒரு நாளைக்குத் தொண்ணூறு எம்பி. ஓணத்துக்கும் ஹர்த்தாலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மாதிரி தொண்ணூறு எம்பி. அதை நான் முப்பதால் வகுத்து, 'மணி நேரம்' என்று பக்கத்தில் யூனிட் போட்டு, என் பெண்டாட்டியிடம் கொடுத்திருக்கிறேன்.

உண்மையாகவே போன சரக்கு பத்து மாதத்தில் பதினேழு எம்பி. ஜூலை ஒன்பதாம் தேதி. சமூகவியல் முதல் பாடம், ஒரே ஒரு தடவை. அந்தத் தேதி எனக்கு ஞாபகம் இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்கப் பள்ளிக்கூட லேபிலிருந்து நான்தான் எடுத்தேன்.

"சேச்சிகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கமறுத்தீன் கேட்டான்.

"இந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் அவ ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா."

"அது சேச்சி எடுத்த முடிவு. நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா" என்றேன். "அவதான் கேக்கல."

அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. ரோஸிலி மோவாயைத் தூக்கினாள். என் கை எழவில்லை. அவள் காத்திருந்தாள். திரேஸ்யாகூட என்னைப் பார்த்தாள். கடைசியில் மூன்று விரலைக் காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

மறுநாள் காலை லேப் சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோடை விடுமுறை, ஒரு ஈ காக்கை கிடையாது. திரேஸ்யாவிடம், கம்ப்யூட்டர்களை எண்ணிப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஓரத்து இயந்திரத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கான பாடங்களை இறக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததைத் திருத்த முடியாது. சாயங்காலம் நான் சொல்லப்போவதையாவது உண்மையாக்கலாம் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் வீட்டில் பார்த்தபோது அந்தச் சரக்கு வரி நகர்ந்திருந்தது. தொண்ணூற்றொன்று. மூன்று விரலைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து. ஐம்பத்து நாலு வயதில் நான் பத்தாம் வகுப்பு உயிரியல் படித்தேன், புவியியல் படித்தேன், பிள்ளைகளின் பொறுமை எவ்வளவு என்று தெரிந்துகொண்டேன். பருவக்காற்று, ரத்த ஓட்டம், கிராமசபை எல்லாவற்றையும் அவள் பஸ் கூப்பிடும் அதே தெம்போடுதான் வாசித்திருந்தாள். நுரையீரலுக்குப் போகும் ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை, அது ஏதோ கொடுங்கல்லூருக்குப் போகும் வண்டி மாதிரி சொல்லியிருந்தாள். ஆளில்லாத லேபில் நான் தனியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். அதற்கு வெட்கப்படவும் இல்லை.

நாள் போகப் போக அந்தக் குரல் மாறியது. பதினைந்தாம் நாள் லேசாகக் கம்மியது. இருபதாம் நாள் நடுவில் இருமல். வீட்டில் அவள் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தாள். வலிக்கு வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்கும் நர்ஸ், இனி வாரக்கணக்குதான் மாஷே என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். காலையில் நான் கேட்டுவிட்டு வந்த குரலும், சாயங்காலம் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உடம்பும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.

முப்பத்தொன்றாம் நாள் கடைசிப் புத்தகத்தின் கடைசிக் கோப்புகளுக்கு வந்தேன். ஜனவரிப் பதிவுகள். பின்னணியில் ஏதோ சர்ச்சின் அம்புப் பெருநாளுக்குச் செண்டை அடிக்கிறார்கள். எப்போதும் ஓட்டையும் உடைசலையும் அவளே வெட்டிச் சரிசெய்து கொடுப்பாள். இந்தக் கடைசிக் கோப்புகளைச் சரிசெய்ய அவளுக்கு நேரம் இருக்கவில்லை. எடுத்தது எடுத்தபடி நான்தான் பகிர்வில் போட்டேன், கேட்டுப் பார்க்காமலே.

ஒன்பதாம் பாடத்தின் நடுவில் நிறுத்துகிறாள். மின்விசிறி சுற்ற ஆரம்பிக்கிற சத்தம். தண்ணீர் குடிக்கிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். அப்புறம் பாடக் குரல் இல்லாத, வீட்டுக் குரல்.

"மாஷே, இந்தத் திங்கக்கிழமை போயிடலாமா? முழுங்கும்போது முள்ளு குத்தற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

கொஞ்சம் தள்ளி, மின்விசிறி ஸ்விட்சுக்குப் பக்கத்திலிருந்து, ஓர் ஆம்பளைக் குரல்.

"இன்னும் ரெண்டே பாடம்தானேடி. நேத்து மூணே கால் மணி நேரம் போயிருக்கு, தெரியுமா? இத்தனை பிள்ளைங்க கேட்டுட்டு இருக்கும்போது பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? முடிச்சுட்டுப் போலாம்."

செண்டைச் சத்தம். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"சரி. ஃபேனை நிறுத்துங்க" என்கிறாள். மறுபடி பாடம் தொடர்கிறது.

நான் இப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. மூன்று தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். அது என் குரல்தான். வகுப்பில் யூனிட் போடாத பையனைத் திட்டுகிற அதே குரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அவதான் கேக்கல என்று. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் தாளை எடுத்து, இல்லை என்று எழுதவில்லை.

மீதிப் பாடத்தையும் உட்கார்ந்து கேட்டேன். எழுந்துபோக எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பத்தாம் பாடம் கடைசிப் பக்கத்தில் குரல் வெறும் காற்றாக வருகிறது. பயிற்சிக் கேள்விகளைக்கூட விடாமல் வாசித்திருந்தாள். எல்லாம் முடிந்து, "அவ்வளவுதான் மக்களே, நல்லா எழுதுங்க" என்கிறாள்.

அன்று சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. ஜெபமாலையைத் திரேஸ்யா ஒருத்திதான் சொன்னாள். முடிந்ததும் ரோஸிலி மோவாயைத் தூக்க முயன்றாள். அதற்கே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு மணி நேரம்டி. உன் எல்லாப் புத்தகத்தையும் கேட்டு முடிச்சாச்சு. கடைசிப் பாடம் வரைக்கும்."

அவள் கண்ணை மூடவில்லை. விரலை அசைத்தாள். தாளையும் பென்சிலையும் கொடுத்துத் தாளுக்கடியில் என் உள்ளங்கையை வைத்துப் பிடித்தேன். எழுத்துகள் மேலும் கீழுமாகப் போயின.

'யாரு?'

"ஒருத்தன்" என்றேன். "இங்கதான், சாலக்குடிக்காரன். ஒரு வரி விடாம கேட்டுட்டான். நீ நடுவுல நிறுத்தித் தண்ணி குடிச்சதைக்கூட. குடிச்சுட்டு நீ சொன்னதையும் கேட்டுட்டான்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்துத் துளையில் மூச்சு போய்ப் போய் வந்தது. பிறகு எழுதினாள்.

'பாஸாயிட்டானா?'

"இல்லடி" என்றேன். "ஃபெயிலாயிட்டான். எல்லாத்துலயும்."

திரேஸ்யா ஒன்றும் புரியாமல் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ரோஸிலி பென்சிலை விடவில்லை. அடுத்த வரிக்கு இடம் இல்லாமல் தாளின் ஓரத்தில், சின்னதாக, வெகு நேரம் எடுத்துக்கொண்டு எழுதினாள். என் உள்ளங்கையில் பென்சில் முனை ஒவ்வொரு எழுத்தாக அழுந்தியது.

'பாவம். அடுத்த வருஷம் எழுதச் சொல்லுங்க.'

"சொல்றேன்" என்றேன்.